செஞ்சிக்கு இரவு புதிதல்ல

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற அந்தத் தொகுப்பில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். எங்கள் ஊருக்கு இது பெருமை. ஆனால் அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாதமும் ஊருக்குள் வந்திருக்கிறது. செஞ்சி ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடுகிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் மாலையே பாண்டிச்சேரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் இங்கே தங்க வேண்டுமென்றால் நள்ளிரவு வரை திறந்திருக்கும் பார்கள் வேண்டும். குடியிருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப்போக வேண்டும் என்கிறார்கள். தெருவில் பார் வேண்டாம் என்று மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பட்டங்கள் தயாராக இருக்கின்றன: வளர்ச்சிக்கு எதிரி, மதுவிலக்குப் பித்தர்.

இந்த வாதம் அடியிலிருந்தே பிழையானது. ஊரை அறியாமல் எழுந்தது என்பதுதான் முதல் குற்றம்.

செஞ்சி ராத்திரியில் தூங்குகிற ஊர் என்று யார் சொன்னது? ஒவ்வோர் அமாவாசைக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் இரவில்தான் நடக்கிறது. அதற்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் செஞ்சி பேருந்து நிலையத்தைத்தான் நிறைக்கிறார்கள். பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை கிரிவலம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் கூட்டம் விடிய விடிய எங்கள் சாலையில் ஓடுகிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகளோடு வரும் விவசாயிகள், மறுநாள் விலை போட்டுப் பணம் கைக்கு வரும்வரை வண்டியடியிலேயே படுத்திருக்கிறார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) காலத்திலும் இதே கதைதான். மாதத்துக்கு இரண்டு முறை நள்ளிரவில் கைக்குழந்தையோடும் மஞ்சள் பையோடும் பெண்கள் பயமின்றி நின்று பேருந்து பிடிக்கும் ஊர் இது. அவர்களில் பாதிப்பேர் கிராமத்துக் கூலிப் பெண்கள். இவ்வளவு பேர் புழங்கும் இரவை 'இரவு வாழ்க்கை' என்று ஒப்புக்கொள்ள ஏன் மனம் வரவில்லை? அவர்கள் யாரும் மேசையில் உட்கார்ந்து பில் கட்டுவதில்லை என்பதாலா?

நள்ளிரவு பார் வேண்டும் என்பவர்கள் காலியாகக் கிடக்கும் ஓர் இரவை நிரப்பப் போவதாக நினைக்கிறார்கள். ஏற்கெனவே ஆள் இருக்கும் இரவு இது. கூட்டு ரோட்டிலோ பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவிலோ பன்னிரண்டு மணி வரை பார் நடந்தால், முதலில் அந்த இடத்தை விட்டு விலகப் போவது அமாவாசைக்கு வரும் பெண்தான். அவள் புகார் எழுத மாட்டாள். அடுத்த மாதம் வர மாட்டாள், அல்லது இருள் விழுங்கிய மூலையில் ஒடுங்கி நிற்பாள். கணக்கில் இது எங்கும் பதிவாகாது.

சரி, பாண்டிச்சேரியைப் பாருங்கள் என்கிறார்களே, பார்க்கலாம். செஞ்சிக்கும் புதுவைக்கும் உறவு பழையது. 1750 செப்டம்பரில் ஓர் இரவுத் தாக்குதலில் இந்தக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பெயரில்தான் அங்கே ஒரு வீதி இன்றும் இருக்கிறது. அந்த நகரில் கடந்த சில ஆண்டுகளில் சுற்றுலாவின் பெயரால் ரெஸ்டோ பார்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. வீடுகள் நெருங்கிய வீதிகளில், கோயிலுக்கும் பள்ளிக்கும் அருகில்கூட அவை முளைத்தன என்று குடியிருப்பவர்கள் முறையிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் சுவரை அதிரவைக்கும் பாட்டு, வாசலை அடைத்து நிற்கும் வண்டிகள், தெருச்சண்டை என்று அவர்கள் சொன்ன எதுவும் புதிதல்ல. வருமானம் வருகிறது, சுற்றுலா வளர்கிறது என்பதே பதிலாக இருந்தது. 2025 ஆகஸ்டில் மிஷன் வீதியில் ஒரு ரெஸ்டோ பாரில் மூண்ட தகராறில் ஒரு கல்லூரி மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். கட்சிகள் பலவும் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டன. நேரக் கட்டுப்பாடு, உரிமம், சோதனை என்று பேசின. ஓர் இளைஞனின் உயிர் போகும்வரை தெருக்காரர்களின் சொல்லுக்கு எடை இல்லை. இதையா செஞ்சிக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள்?

பார்க்க வேண்டிய வேறு ஊர் ஒன்று உண்டு. செஞ்சி நாயக்கர்கள் எந்தப் பேரரசுக்குக் கட்டுப்பட்டு ஆண்டார்களோ, அந்த விஜயநகரத்தின் தலைநகரான ஹம்பி. 1986-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். கோயிலூர் என்பதால் ஹம்பிக்குள் மது விற்க முடியாது. குடிக்க வேண்டியவர்கள் ஹொஸ்பேட்டைக்குப் போகிறார்கள். இதனால் ஹம்பியைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் கூட்டம் குறைந்துபோனதா? இடிபாடுகளைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறவன் மதுவுக்காக வருவதில்லை. அது அவனுக்கு அவன் ஊரிலேயே கிடைக்கும்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் யார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பங்கள், கோட்டையின் ராஜகிரி மலை உச்சி வரை ஏறிவிடத் துடிக்கும் கல்லூரிப் பசங்கள். 1677-ல் சிவாஜி வென்ற கோட்டை, 1690-களில் அவர் மகன் ராஜாராம் முகலாய முற்றுகையைத் தாங்கிய கோட்டை என்று தேடி வரும் மகாராஷ்டிரத்தவர். இவர்கள் தங்காமல் போவதற்குக் காரணம் வேறு. கோட்டை மாலையோடு அடைக்கப்படுகிறது. ராஜகிரியில் ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும். கிருஷ்ணகிரிக் குன்றுக்கும் கல்யாண மகாலுக்கும் நேரம் மிஞ்சாது. மறுநாளும் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு வேண்டியது சுத்தமான விடுதி, குடிநீர், கழிப்பறை, கதை சொல்லத் தெரிந்த வழிகாட்டி, மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகை, நேரத்துக்கு ஒரு பேருந்து. இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் போராட ஆள் இல்லை. பாருக்கு மட்டும் வக்காலத்து வாங்க ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அடுத்து, மதுவிலக்குப் பித்தர் என்ற பட்டம். இதைச் சொல்பவர்கள் மனுவை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசின் டாஸ்மாக் மதுக்கடைக்கு எதிராக எழுந்த தெருப் போராட்டங்களில் மிகப் பெரும்பாலானவை கேட்டது ஒன்றைத்தான்: இந்தக் கடையை இங்கிருந்து எடுங்கள். 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று உயிர் விட்ட காந்தியவாதி சசிபெருமாள், வாழ்நாளெல்லாம் பூரண மதுவிலக்குக்காக நின்றவர். அவர்கூட அன்றைக்குக் கேட்டது அந்த ஊரில் இருந்த ஒரு கடையை அகற்ற வேண்டும் என்பதைத்தான். குடிக்கிற கணவனும் அண்ணனும் மகனும் உள்ள வீடுகளிலிருந்துதான் இப்படிப் போராடும் பெண்கள் வருகிறார்கள். அந்த ஆண்கள் நாளையே நிறுத்திவிடுவார்கள் என்ற மயக்கம் அவர்களுக்கு இல்லை. பெண் பிள்ளை டியூஷன் முடித்து வரும் வழியில் கடை இருக்க வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் வாந்தியும் வசவும் வேண்டாம் என்பதே கோரிக்கை. குடிக்கும் உரிமையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோர் தூங்கும் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பத்து மணி என்றேன். டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை. ஷட்டர் இறங்கிய பிறகுதான் தெருவின் பாடு தொடங்குகிறது. பாரிலிருந்து வெளியேறியவர்கள் அடுத்த வீட்டுத் திண்ணையில் மிச்சக் கட்டிங்கை முடிப்பார்கள். சந்துக்கடையில் பிளாக்கில் குவார்ட்டர் கை மாறும். இதைக் காட்டியே, நேரத்தை நீட்டிவிட்டால் பிளாக் ஒழிந்துவிடுமே என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். பிளாக் விற்பனை ராத்திரியில் மட்டுமா நடக்கிறது? பகல் பன்னிரண்டுக்கு முன்பும் நடக்கிறது, விடுமுறை நாளிலும் நடக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மூடினால் பன்னிரண்டரைக்கு அதே சந்தில் அதே ஆள் நிற்பான். தெருவுக்குத் தூக்கம் வருவது இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரையை இரவு என்று வகுத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. நாட்டின் சட்டம் ஒத்துக்கொண்ட இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது. அதைப் பன்னிரண்டுக்குத் தள்ளும் அதிகாரத்தைப் பார் உரிமையாளருக்கு யார் கொடுத்தது?

பணம்தான் எல்லாவற்றுக்கும் பின்னே நிற்கும் வாதம். இந்த வருமானம் இல்லாவிட்டால் மகளிர் உதவித்தொகை ஏது, இலவசப் பேருந்து ஏது என்று கேட்கிறார்கள். இதற்கு அரசின் கணக்கே பதில் சொல்லும். 2023 ஜூன் 22 அன்று தமிழ்நாடு முழுக்க 500 கடைகள் மூடப்பட்டன. 5,329 ஆக இருந்தவை 4,829 ஆயின. 2022-23-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 44,121 கோடி ரூபாய். கடைகள் குறைந்த 2023-24-ல் அது 45,855 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. விலையேற்றத்துக்கும் இதில் பங்குண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தில் ஒரு கடையை எடுத்த பிறகும் கஜானாவுக்குக் குறை வரவில்லை என்பது நிரூபணமான உண்மை. கடையை மூடினால் குடி குறையுமா என்று இதையே எங்கள் பக்கம் திருப்பிப் போடுவார்கள். போடட்டும். குடிப்பவர் வேறு கடைக்குப் போனார், அரசுக்கும் நட்டமில்லை என்றால், மாறியது ஒன்றுதான்: கடை இருந்த தெரு. அந்தத் தெருவுக்கு நிம்மதி கிடைத்தது, அதற்காக யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. அப்படியிருக்க இந்தக் கடை இந்தத் தெருவில்தான் இருந்தாக வேண்டும் என்று அடம் பிடிப்பதற்கு என்ன நியாயம்?

இன்னொன்று. பணமில்லை என்பது தெருவின் துன்பத்துக்கு விடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகரின் ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள், திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் தங்கள் வாசலில் ஓடுவதாக வழக்குப் போட்டார்கள். நகராட்சி நிதி இல்லை என்றது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை.

ஊரையே பயமுறுத்தும் வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது: டாஸ்மாக்கை நெருக்கினால் கள்ளச்சாராயம் பெருகும், சாவு விழும். விழுப்புரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல மனம் கூச வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தவர்கள் எங்கள் மாவட்டத்து மீனவர்கள், கூலிகள்.  அந்த 500 கடைகள் மூடப்பட்டதே அதற்கு அடுத்த மாதம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கும் டாஸ்மாக் இல்லாததால் அவர்கள் சாராயத்தைத் தேடிப் போகவில்லை. கடை விலை கைக்கு எட்டவில்லை, பாக்கெட் சாராயம் எட்டியது. அதை விற்றவனைப் பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்கவில்லை. ஏழையின் கைக்காசும் காவல்துறையின் கண்மூடலும் சேர்ந்து நடத்திய கொலைகள் அவை. அந்தச் சாவுகளைக் காட்டி, செஞ்சியில் ஒரு தெருவில் பார் வேண்டாம் என்று கேட்கும் பெண்ணின் வாயை அடைக்கக் கூடாது.

கடை எப்படி வீட்டுவாசலுக்கு வந்தது என்பதையும் பேச வேண்டும். 2016 டிசம்பர் 15 அன்று, வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை விபத்துகளைத் தடுக்க வந்த தீர்ப்பு. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றைக் குறைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு அது. அரசு என்ன செய்தது? சாலையோரத்திலிருந்து எழுந்த கடைகளுக்கு ஊருக்குள், குடியிருப்புக்குள், வயலோரத்தில் இடம் தேடியது. அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே நின்றவர்கள் விசைத்தறி ஊர்க்காரர்கள். வசதியுள்ளவர்களின் முகச்சுளிப்பு என்று இந்த எதிர்ப்பை ஒதுக்குகிறவர்கள் அந்தக் காட்சியை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

பிறகு விதி. 2003-ஆம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகள்படி மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டிடத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 27,000 பேர் வாழும் பேரூராட்சியான செஞ்சிக்கு 100 மீட்டர். வணிகப் பகுதி என்று வகுக்கப்பட்ட இடத்தில் அதுவும் பொருந்தாது. கடை வந்த பிறகு வந்த கோயிலும் பள்ளியும் கணக்கில் இல்லை. வீட்டுக்கு? ஒரு மீட்டரும் இல்லை. குடியிருப்பு என்பதை விதி கண்டுகொள்ளவே இல்லை. கோட்டை மதிலைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று தொல்லியல் சட்டம் கல்லுக்கு 300 மீட்டர் காவல் போட்டிருக்கிறது. அது சரியானதே, கல்லைக் காக்கத்தான் வேண்டும். கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழும் எங்கள் கடைத்தெரு மனிதர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை?

கடை முதலிலேயே இருந்தது, தெரிந்துதானே வீடு கட்டினாய் என்று கேட்பவர்களுக்கு 1879-ல் லண்டனில் தீர்ந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். ஒரு மிட்டாய்க்காரர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் உரல்களை இயக்கிவந்தார். பக்கத்து மனையில் இருந்த மருத்துவர் பிற்பாடு சுவரை ஒட்டி ஆலோசனை அறை கட்டினார். இரைச்சலில் நோயாளியின் நெஞ்சைச் சோதிக்க முடியவில்லை என்று வழக்குப் போட்டார். முன்னால் வந்தவன் நான் என்ற மிட்டாய்க்காரரின் வாதம் எடுபடவில்லை. நம் நாட்டுப் பொதுத்தொல்லைச் சட்டங்களும் இந்த மரபில் வந்தவைதான். மேலும் செஞ்சிக் கடைத்தெருவில் யார் முன்னால் வந்தார்கள்? டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்ததே 2003 நவம்பரில். இங்குள்ள பல வீடுகளுக்கு அதைவிட வயது அதிகம்.

நமக்கு நெருக்கமான இன்னொரு படிப்பினை சிங்கப்பூரில் இருக்கிறது. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார், கலவரம் மூண்டது. விசாரணைக்குப் பின் 2015-ல் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் வந்தது. தொழிலாளிகள் மேல் மட்டும் பழி விழுந்ததாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர்கள் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதும் பேசப்பட வேண்டியது. நம் ஊரிலும் கவனிக்க வேண்டியது இது. நாளெல்லாம் கல் உடைத்தவன் உட்கார்ந்து குடிக்க அழுக்கும் ஈயும் மொய்க்கும் தகரக் கொட்டகையைத்தான் அரசு கொடுத்திருக்கிறது. அவனை இழிவாகப் பேசும் தெருக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவனுக்கு மரியாதையான இடம் கொடுக்க வேண்டியது அவனிடமிருந்து பல்லாயிரம் கோடி வாங்குகிற அரசு. அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீட்டுத் திண்ணையின் மேல் இறக்கிவைக்க முடியாது. பயணிக்கென்று சொல்லி நள்ளிரவு பார்களும் மனமகிழ் மன்றங்களும் வந்தால் அவற்றில் அவனுக்கு நாற்காலி கிடைக்கப் போவதுமில்லை.

யாரைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் கடைசியில் எஞ்சும் கேள்வி. சுற்றியுள்ள கிராமங்களில் கிராமசபை கூடுகிறது. கடை வேண்டாம் என்று ஒரு தீர்மானமாவது போட முடிகிறது. பேரூராட்சியான செஞ்சியில் கிராமசபை கிடையாது. ஆட்சியரும் டாஸ்மாக் மேலாளரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பார் ஏலம் போகிறது, பலகை மாட்டிய பிறகே தெருவுக்குத் தெரிகிறது. கடைக்கும் பாருக்கும் இடம் முடிவாகும் முன் அந்த வார்டு மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்றும், இடைவெளி விதியில் வீடுகளையும் பேருந்து நிலையத்தையும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறோம். விதியைத் திருத்த ஓர் அரசாணை போதும். அப்படிச் செய்தால் ஊருக்குள் இத்தனை கடைக்கும் பாருக்கும் இடம் கிடைக்காதே என்பார்கள். கிடைக்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். 500 கடைகளை மூடிய பிறகு வருவாய் எவ்வளவு ஏறியது என்பது சட்டமன்றத்தில் அரசே வைத்த கொள்கைக் குறிப்பில் இருக்கிறது.